நீலகிரி, பழனி மலையில் ஃப்ளை ஃபிஷிங்: குறைந்த செலவில் தொடங்குவது எப்படி

சாதாரணத் தூண்டிலில் எடை நுனியில் இருக்கும். ஈயக்குண்டு முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளை ஃபிஷிங்கில் நுனியில் இருப்பது தூண்டில் முள்ளில் சுற்றிய இறகும் நூலும்தான். பூச்சிபோலத் தோன்றும் அதற்குத்தான் ஃப்ளை என்று பெயர். அதைக் கையால் எறிந்தால் இரண்டடிகூடப் போகாது. அதனால் எடையை நரம்பிலேயே வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூச்சு போட்ட, தடித்த அந்த ஃப்ளை லைனைத்தான் நாம் வீசுகிறோம். ஃப்ளை அதோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான்.

காசை எதில் போடுவது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ராடு சுமாராக இருக்கலாம், ரீல் மட்டமாகவே இருக்கலாம், லைன் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் ரீலுக்குப் பாதிக் காசைக் கொடுத்துவிட்டு, அதில் இலவசமாகச் சுற்றிவரும் லைனோடு மாரடிக்கிறார்கள்.

பத்தாயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது

கையில் பத்தாயிரம் இருந்தால் லைனுக்கு நாலாயிரம், ராடுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, ரீலுக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று ஒதுக்குங்கள். மிச்சம் ஆயிரம் நைலான் நரம்பு, முள், நூல் வகையறாவுக்கு. ராடு, ரீல், லைன் எல்லாம் சேர்ந்த கிட் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் அதில் வரும் லைனைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு லைன் வாங்கப் பணம் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ராடில் 5 வெயிட், 6 வெயிட் என்று எழுதியிருக்கும். அது ராடின் எடை அல்ல, அந்த ராடு தூக்கி வீசக்கூடிய லைனின் எடை. 5 வெயிட் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது 9 கிராம் சொச்சம். 6 வெயிட் என்றால் 160 கிரெயின். ராடில் என்ன எண்ணோ அதே எண் லைனிலும் இருக்க வேண்டும். ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால் 9 அடி, 5 வெயிட், நாலு துண்டாகக் கழலும் ராடு போதும், பஸ்ஸிலும் கொண்டுபோகலாம். எமரால்டு, அப்பர் பவானி போன்ற அணைகளில் மட்டும்தான் வீசப்போகிறீர்கள் என்றால் 6 வெயிட் எடுங்கள், அங்கே காற்று அதிகம்.

கிராஃபைட் இலேசு, ஃபைபர் கிளாஸ் கனம். ஆனால் ஃபைபர் கிளாஸ் மெதுவாக வளைவதால் லைனின் எடை கையில் நன்றாகத் தெரியும், கல்லில் தட்டினாலும் எளிதில் உடையாது. பழகுகிறவருக்கு அது குறையே இல்லை. கடையிலேயே இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். துண்டுகளைச் செருகி ஆட்டிப் பாருங்கள், இணைப்பில் டக் டக் என்று சத்தம் வந்தால் வேண்டாம். பிறகு சிறு பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுங்கள். இழை மாட்டினால் அந்த வளையத்தில் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம், நாலாயிரம் ரூபாய் லைனை அது ஒரே மாதத்தில் சீவிவிடும்.

லைனில் மிதக்கும் ரகம் வாங்குங்கள். வெயிட் ஃபார்வர்டு, டபுள் டேப்பர் என்று இரண்டு வடிவம் உண்டு. முன்னதில் எடை முன்பகுதியில் குவிந்திருக்கும், தூரம் போகும். பின்னதில் இரண்டு நுனியும் ஒரே மாதிரி மெலிந்திருக்கும். எல்லோரும் வெயிட் ஃபார்வர்டைத்தான் சொல்வார்கள். சிக்கனம் பார்ப்பவருக்கு டபுள் டேப்பரே மேல். ஒரு பக்கம் தேய்ந்து வெடித்ததும் கழற்றித் திருப்பிச் சுற்றினால் புது லைன் கிடைத்தமாதிரி. மலை ஓடைகளில் 12 மீட்டருக்கு மேல் வீச வேண்டிய தேவை அநேகமாக வராது. அந்தத் தூரத்துக்குள் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கும்முன் ஒரு மீட்டர் லைனை இரு கையாலும் மெல்ல இழுத்து விடுங்கள். நேராக நின்றால் நல்லது. மறுபடி சுருள்சுருளாகச் சுருண்டுகொண்டால் ஊட்டிக் குளிரில் அது கம்பிபோல் ஆகிவிடும்.

ரீல் என்பது இந்த அளவு மீனுக்கு லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி. லைனுக்கு அடியில் 50 மீட்டர் பின்னல் நூல் சுற்ற வேண்டும், அதற்கு 20 பவுண்டு இழுவை தாங்கும் டாக்ரான் போதும். சாதா நைலானைச் சுற்றாதீர்கள். இழுவையில் நீண்டு, சுற்றின பிறகு சுருங்கி, மலிவு ரீலின் உருளையை நசுக்கிவிடும்.

தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் நனையாத கால்சட்டை (வேடர்), பதினெட்டுப் பை வைத்த கோட்டு, மரப்பிடி வலை எதுவும் இப்போது வேண்டாம். ஒரு தொப்பியும் போலரைஸ்டு கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். தண்ணீருக்குள் பார்க்கக் கண்ணாடி உதவும் என்பது இரண்டாம் காரணம். முள் பின்னாலிருந்து மணிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் காதோரமாக வருகிறது என்பதுதான் முதல் காரணம்.

பத்தாயிரமும் இல்லை என்றால் ரீலே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. தூண்டில் கடைகளில் நீட்டி மடக்கும் கைக்கம்பு கிடைக்கும். 3.6 மீட்டருக்குக் குறையாத, நுனி மெலிந்த கம்பாகப் பாருங்கள். நுனியில் 0.35 மி.மீ. ஃப்ளூரோகார்பன் நரம்பைக் கம்பின் நீளத்துக்குக் கட்டி, அதன் முனையில் 0.18 மி.மீ. நரம்பு ஒரு மீட்டர், அதில் ஃப்ளை. ஜப்பானின் மலை ஓடைகளில் டென்காரா என்ற பெயரில் நெடுங்காலமாகச் செய்வது இதுதான். சின்ன ஓடையில் ஃப்ளை ராடைவிட இது சுலபம். அணையில் உதவாது.

லீடரை வீட்டிலேயே கட்டுங்கள்

தடித்த லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே படிப்படியாக மெலியும் நரம்பு வேண்டும். அதற்குப் பெயர் லீடர். கடையில் ஒன்று வாங்கும் விலைக்கு வீட்டில் பத்துக்கு மேல் கட்டலாம். லைன் பக்கமிருந்து 0.50 மி.மீ. நரம்பு 90 செ.மீ., 0.40 மி.மீ. 50 செ.மீ., 0.30 மி.மீ. 40 செ.மீ., 0.25 மி.மீ. 30 செ.மீ., கடைசியில் 0.18 மி.மீ. 60 செ.மீ. மொத்தம் 270 செ.மீ., கிட்டத்தட்ட 9 அடி. முதல் துண்டு விறைப்பாக இருக்க வேண்டும். அது தொளதொள என்று இருந்தால் வீச்சின் விசை அங்கேயே செத்து, ஃப்ளை லைனுக்கு முன்னால் போகாமல் அதன் மேலேயே விழும்.

துண்டுகளை இணைக்க சர்ஜன் முடிச்சு: இரண்டு நரம்பையும் பத்து செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, அதற்குள் இரண்டு தடவை நுழைத்து இழுப்பது. லைனையும் லீடரையும் சேர்க்க நெய்ல் முடிச்சு. அதற்குத் தனிக் கருவி தேவையில்லை, காலியான பால்பாயிண்ட் பேனா ரீஃபிலை வெட்டிய துண்டு போதும். லைன் நுனியையும் ரீஃபிலையும் சேர்த்துப் பிடித்து, 0.50 நரம்பை இரண்டின் மேலும் ஆறு சுற்றுச் சுற்றி, நரம்பின் முனையை ரீஃபில் துளை வழியாகத் திரும்பக் கொண்டுவந்து, ரீஃபிலை மெல்ல உருவி இறுக்குங்கள். எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்த நைலான் உரசும்போது சூடாகி அதே இடத்தில் பலம் இழக்கும். மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்லப்படும் பல கதைகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் காய்ந்த முடிச்சு.

கடைசி 0.18 துண்டு ஃப்ளை மாற்றும்போதெல்லாம் குறையும். 25 செ.மீ.க்குக் கீழே போனதும் புதிதாக 60 செ.மீ. சேர்த்துவிடுங்கள்.

இரண்டே ஃப்ளை

பெட்டி நிறைய வாங்க வேண்டாம். ஒன்று நீளமாக, கறுப்பாக, தண்ணீருக்குள் நெளிவது. இன்னொன்று சின்னதாக, வண்டோ பூச்சிக் குஞ்சோ என்று தோன்றுவது. இரண்டையும் நீங்களே கட்டலாம்.

சாமான்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கோழிக் கடையில் நாட்டுச் சேவலின் கழுத்து இறகும், முதுகின் பின்பக்கம் தொங்கும் நீள இறகும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஃப்ளை கட்ட வாங்கும் மலிவு இறகில் நல்ல பங்கு இந்தியச் சேவலுடையதுதான். பிராய்லர் கோழியின் தொடைப் பக்க இறகின் அடியில் இருக்கும் பஞ்சுபோன்ற பகுதி வால் கட்ட உதவும். எல்லாவற்றையும் ஷாம்பு போட்டு அலசி, நிழலில் காயவைத்து, அந்துருண்டையோடு டப்பாவில் மூடி வையுங்கள். மெல்லிய செப்புக் கம்பி மோட்டார் ரீவைண்டிங் கடையில் மிச்சத்துக்குக் கிடைக்கும். பச்சை மின்னும் மயில் இழை வேண்டும், காவடிக்கு வாங்கும் உதிர்ந்த மயிலிறகு ஒன்று போதும், ஐம்பது ஃப்ளை கட்டலாம். காட்டுக்கோழி இறகின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் கழுத்து இறகில் மெழுகுப் பொட்டுப் போல மின்னும் தகட்டுக்காக ஒரு காலத்தில் மேல்நாட்டு ஃப்ளை கட்டுபவர்கள் அலைந்தார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட பறவை, இறகு வைத்திருந்தாலும் வழக்குதான்.

முள்ளைப் பிடிக்க நகை ஆசாரிகள் வைத்திருக்கும் சின்னக் கை இடுக்கியை மேசையில் கட்டிவிட்டால் வைஸ் தயார்.

கறுப்பு ஃப்ளை இப்படி: 10ஆம் எண் முள், தண்டு நீளமானது. முதலில் முள்ளின் முனையில் உள்ள எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மீனிடமிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் சுலபமாகக் கழலும். கறுப்பு பாலியஸ்டர் நூலைக் கண்ணருகிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். இந்த அடிச்சுற்று இல்லாவிட்டால் மேலே கட்டுவது எல்லாம் முள்ளைச் சுற்றி வழுக்கித் திரும்பும். தொடைப் பஞ்சிறகு ஒரு சிட்டிகை, முள் தண்டின் நீளமே வாலின் நீளம். அதைவிட நீளமாக வைத்தால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். வால் கட்டிய அதே இடத்தில் 10 செ.மீ. செப்புக் கம்பி, ஒரு சேவல் இறகின் நுனி, கறுப்புக் கம்பளி நூல் மூன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். கம்பளியைக் கண் பக்கமாகச் சுற்றி வந்து, கண்ணுக்கு 3 மி.மீ. முன்னால் நிறுத்திக் கட்டி வெட்டுங்கள். அதன்மேல் இறகை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று. பிறகு செப்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி வாருங்கள். இறகின் ஈர்க்கை ஒவ்வொரு சுற்றிலும் அது குறுக்கே அழுத்திப் பிடிக்கும். இந்தக் கம்பியை விட்டுவிட்டால் மீன் பல் பட்டு ஈர்க்கு அறுந்து, ஃப்ளை மொத்தமும் அவிழும். கடைசியாகத் தலையில் நாலைந்து முடிச்சுப் போட்டு ஒரு சொட்டு நகப்பாலிஷ்.

எல்லோரும் செய்யும் தப்பு, முள் கண்வரைக்கும் கட்டிவிடுவது. அந்த 3 மி.மீ. காலி இடம் இல்லாவிட்டால் நரம்பு நுழையாது.

மயில் இழை ஃப்ளை இன்னும் சுலபம். 12ஆம் எண் முள்ளில் ஆறு சுற்று செப்புக் கம்பி, எடைக்காக. நாலு மயில் இழையை நூலோடு முறுக்கி வளைவிலிருந்து கண்ணுக்குச் சற்று முன்வரை சுற்றினால் முடிந்தது. முறுக்காமல் சுற்றினால் இழை பட்டென்று அறுந்துவிடும்.

தண்ணீருக்கு முன் புல்தரை

வீசப் பழக மீனும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். லீடர் நுனியில் 2 செ.மீ. சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு ஒரு புல் மைதானத்துக்குப் போங்கள். சிமென்டுத் தரையில் பழகினால் லைன் பூச்சு உரிந்துவிடும். 8 மீட்டர் லைனை வெளியே இழுத்து நேராகப் போட்டு, ராடு நுனியைத் தரையருகே தாழ்த்தித் தொடங்குங்கள். மெதுவாக எடுத்து, வேகம் கூட்டி, தலைக்கு மேல் கடிகாரத்தின் ஒரு மணி நிலையில் சட்டென்று நிறுத்துங்கள். ஆணி அடிக்கும் சுத்தியல் நிற்பதுபோல் அந்த நிறுத்தம் திடீரென்று இருக்க வேண்டும். லைன் பின்னால் முழுக்க நீளும்வரை காத்திருங்கள். கூச்சப்படாமல் திரும்பிப் பாருங்கள். நீண்டதும் முன்பக்கம் அதே மாதிரி, பத்து மணி நிலையில் நிறுத்தம்.

பின்னால் சாட்டை மாதிரி சொடுக்கும் சத்தம் கேட்டால் காத்திருந்தது போதவில்லை. முள் இருந்திருந்தால் அந்நேரம் ஃப்ளை அறுந்து போயிருக்கும். லைன் காலடியில் குவிந்தால் நிறுத்தம் இல்லை, கையை வழியவிட்டிருக்கிறீர்கள். லைன் பின்னால் தரையில் இடித்தால் மணிக்கட்டு அதிகமாக மடங்குகிறது, ராடின் அடியை முழுக்கைச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டு பழகுங்கள். லீடரில் தானாக முடிச்சு விழுந்தால் காற்றின்மேல் பழி போடுவார்கள். முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழுப் பலத்தையும் போட்டதுதான் அநேகமாகக் காரணம். அந்த முடிச்சோடு மீன் பிடிக்காதீர்கள், நரம்பின் பலம் பாதியாகிவிடும்.

தினம் கால்மணி நேரம் போதும். அரைமணிக்கு மேல் போனால் கை சோர்ந்து கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கூடவே ரோல் காஸ்ட்டும் பழகியே ஆகவேண்டும். நம் மலையில் முதுகுக்குப் பின்னால் தேயிலையோ சோலையோ இருக்கும், லைனைப் பின்னால் விட இடமே இருக்காது. ரோல் காஸ்ட்டில் லைனைத் தண்ணீர்மேல் மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, ராடு நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் அது ஒரு வளைவாகத் தொங்கியதும், முன்னோக்கி அடித்து நிறுத்துவது. தண்ணீர் லைனைப் பிடித்து வைப்பதால்தான் இது வேலை செய்கிறது, புல்லில் சரியாக வராது. புல்லில் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கே, யாரிடம் கேட்டு

நீலகிரியில் எல்லோரும் தேடும் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீன் நம் மீன் அல்ல. 1860களில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. பிறகு மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் முயற்சியில் ரெயின்போ ட்ரௌட் இங்கே நிலைத்துவிட்டது. அவலாஞ்சி குஞ்சு பொரிப்பகம் 1907இல் தொடங்கியது. இந்த மீனுக்கு 10 முதல் 16 டிகிரி குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரி தாண்டினால் திணறும். அதனால் உயரமான மேற்குப் பகுதி ஓடைகளிலும் அணைகளிலும்தான் இருக்கும்.

அந்த இடங்களில் பெரும்பாலானவை காப்புக் காடு. உதகை மீன்வளத் துறை அலுவலகத்தில் தூண்டில் உரிமம் பற்றியும், வனத்துறையில் உள்ளே போகும் அனுமதி பற்றியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. முக்குருத்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றிக் கால் வைத்தாலே வன உயிரினச் சட்டம் பாயும். பழனி மலையில் பேரிஜம் ஏரிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். வெளியூரிலிருந்து வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது.

ட்ரௌட்டை நினைத்துத்தான் எல்லோரும் ராடு வாங்குகிறார்கள். ஆனால் கை பழக கெண்டையும் ஜிலேபி மீனும் (திலாப்பியா) நல்லது. கண்ணாடிக் கெண்டையை 1939இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து மலை ஏரிகளில் பரவியது. ராடை வளைக்கும் பலத்தில் அது ட்ரௌட்டுக்குச் சளைத்ததல்ல. பழனி மலை அடிவாரக் குளங்களிலும் அணைகளிலும் ஜிலேபி நிறைய, சின்ன மயில் இழை ஃப்ளைக்கு நன்றாக வரும். குளம் ஏலத்தில் இருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு வீசுங்கள். முதல் மழைக்குப் பின் ஈசல் பறக்கும் சாயங்காலம் என்றால் மிதக்கும்படி கட்டிய பழுப்பு ஃப்ளை எதுவும் ஓடும்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை அவலாஞ்சிப் பக்கம் போவதில் பிரயோஜனமில்லை. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. பிப்ரவரி முதல் மே மாத மழைவரை தண்ணீர் தெளிவு. கூழாங்கல் படுகையில் மீன் ஜோடியாக நின்று மண்ணைக் கிளறுவது தெரிந்தால் முட்டையிடுகிறது, விட்டுவிடுங்கள்.

தண்ணீரில்

அணையில் நடுவே வீசத் துடிக்காதீர்கள். விடியலிலும் அந்தியிலும் மீன் கரையோரம்தான் மேயும். கரைக்கு இணையாக 8 மீட்டர் வீசி, கறுப்பு ஃப்ளையை ஐந்து எண்ணும்வரை அமிழவிட்டு, ராடு நுனியைத் தண்ணீர் தொட வைத்து, லைனை 10 செ.மீ. இழுப்பு, நிறுத்தம், இழுப்பு என்று கொண்டுவாருங்கள். நுனி தூக்கியிருந்தால் லைன் தொய்ந்து, கடித்ததே தெரியாது. எதுவும் படவில்லையா, அடுத்த தடவை பத்து எண்ணுங்கள். பகல் ஏறினால் காற்றும் ஏறும். வலக்கை வீசுபவருக்கு வலப்பக்கக் காற்று ஆபத்து, முள் முகத்துக்கே வரும். அப்போது ராடை இடத் தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசுங்கள், இல்லை எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள்.

ஓடையில் ட்ரௌட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். நீங்கள் கீழிருந்து மேலாக ஏறினால் அதன் முதுகுப் பக்கமாகப் போவீர்கள். குனிந்து, 6 மீட்டருக்குள் வீசி, மயில் இழை ஃப்ளையை நீரோட்டத்தோடு வரவிடுங்கள். லைன் குறுக்கே இழுத்து ஃப்ளை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தால் மீன் தொடாது. லைன் நுனி ஒரு கணம் நின்றாலே ராடைத் தூக்குங்கள்.

மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். விடப்போகிற மீனைத் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள்.

குந்தா மின்திட்ட அணைகளில் தண்ணீர் இறங்கியபின் தெரியும் வண்டல் மேட்டில் நடக்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் இடுப்பளவு சேறு. அணைக்குக் கீழே ஓடையில் நிற்காதீர்கள், மின் உற்பத்திக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. காட்டுமாடு எதிர்ப்பட்டால் ராடைச் சுருட்டக்கூட நிற்காமல் வந்த வழியே விலகுங்கள். சோலை ஓரத்தில் அட்டைக்குக் காலுறைமேல் வேப்பெண்ணெய். அறுந்த நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக்கூடாது, பறவைக் காலில் சுற்றினால் அவிழாது.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளைகளை மூடிய பெட்டியில் ஈரத்தோடு வைக்காதீர்கள், ஒரே இரவில் முள் துருப்பிடிக்கும். லைனை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு கரைத்துத் துடையுங்கள். அழுக்கேறிய லைனின் நுனி மிதக்காமல் மூழ்கத் தொடங்கும், வளையங்களில் வழுக்காது, வீச்சு மூன்று மீட்டர் குறையும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், பூச்சை அது காயவைத்து வெடிக்கவிடும். குளியல் சோப்பு போதும்.